தாங்கள் தேடிய பெயர்

1

இன்று காலையும் என் தங்கையின் பெயரைப் பிழையாக எழுதினேன். தெரிந்தே எழுதினேன்.

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில், பணி ஓய்வு பெறும்வரை மெய்ப்புத் திருத்தியவன் நான். விருதுநகரில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு அந்த வேலையில் சேர்ந்தபோது, பி.ஏ. படித்தவன் எழுத்துப் பொறுக்கவா போகிறான் என்று கேலி பேசியவர்கள் உண்டு. பின்னாளில் அவர்களே தங்கள் வீட்டுத் திருமண அழைப்பிதழை என் பார்வைக்குக் கொண்டுவராமல் அச்சுக்குக் கொடுத்ததில்லை. எங்கள் முதலாளி தொழிலாளர்களிடம் சொல்லும் ஒரு வார்த்தை அச்சகத்தில் வழக்காகவே ஆகிவிட்டிருந்தது. "சார் கையெழுத்து விழுந்துருச்சாலே? அப்பப் பிளேட்டைப் போடு." சேர்த்து வைத்த சொத்து என்று எனக்கு இருப்பது இந்த ஒரு வார்த்தைதான். அதைக் காப்பாற்றிக்கொண்டு கடல் கடந்து வந்தேன்.

அப்படிப்பட்டவன் நாள்தோறும் காலையில் ஒரு பெயரைத் தவறாக எழுதிவிட்டுத்தான் காபியைக் கையில் எடுக்கிறான். அந்தப் பழக்கம் ஏற்பட்டு இந்த வாரத்தோடு ஓராண்டு நிறைகிறது. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களில் என்னை அறிந்தவர்கள் இருக்கக்கூடும். வேறு யாராவது சொல்லி அவர்கள் கேட்பதைக் காட்டிலும் நானே எழுதிவிடுவது முறை என்று கருதுகிறேன்.

2

ஜெர்மனியின் தென்பகுதியில் ஒரு சிற்றூர். மகள் கயல்விழியின் வீட்டில் இருக்கிறேன். என் மனைவி மறைந்த பிறகு, தனியே விடமாட்டேன் என்று பிடிவாதமாக அழைத்து வந்துவிட்டாள். மருமகப்பிள்ளைக்கு வாரநாட்களில் வேறு நகரத்தில் வேலை. பேத்தி யாழினி பள்ளிக்கும், கயல்விழி அலுவலகத்துக்கும் போன பின் நண்பகல்வரை வீட்டில் நான் ஒருவனே.

மகளுக்கும் பேத்திக்கும் பெயர் வைத்தவன் நான். இரண்டிலும் ழகரம் இருப்பது தற்செயலன்று. பழனிவேல் என்ற என் பெயரிலும் அது உண்டு. தங்கை அழகம்மாளின் பெயரில் எங்கள் தந்தையாரே வைத்துவிட்டார். இந்த நாட்டுக்காரர்கள் எங்கள் பெயர்களைக் கடவுச்சீட்டில் ழகரத்துக்குப் போட்ட 'zh' என்ற ஆங்கில எழுத்தைக் கொண்டு படிக்கிறார்கள். கயல்விழி 'கயல்விட்சி' ஆகிறாள். நான் 'பட்சானிவெல்'. முதல் ஆண்டில் ஒவ்வொருவரையும் நிறுத்தித் திருத்தினேன். அவர்கள் புன்னகையோடு கேட்டுக்கொண்டு, மறுபடியும் பட்சானிவெல் என்றார்கள்.

வதிவிட அனுமதி வாங்கும் அலுவலகத்தில் ஒருமுறை இதனால் ஒரு சங்கடம் ஏற்பட்டது. என் கல்லூரிச் சான்றிதழில் பெயருக்கு ஓர் எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் வேறொன்று. சாளரத்துக்கு அப்பால் இருந்த அம்மையார் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பெயரில் யாரும் இல்லை என்றார். எதிரே ஆறடிக்கு ஒரு மனிதன் குளிர்காலக் கோட்டுடன் உட்கார்ந்திருக்க, அவன் இல்லை என்று ஒரு கணினி சொல்கிறது. அந்த அம்மையார் வேறு விதமாகத் தட்டினார், நான் கிடைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, எழுத்தில் ஒழுங்கில்லாத தேசம் என்று மகளிடம் குறைபட்டுக்கொண்டேன். பயந்ததைச் சொல்லவில்லை.

பயம் எனக்கு இங்கே வேறு உருவங்களிலும் வரும். மாதத்தின் முதல் சனிக்கிழமை நண்பகலில் தீயணைப்பு நிலையத்தின் அபாயச் சங்கைச் சோதனைக்காக ஊதுவார்கள். சோதனை என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் கால் தானாக ஜன்னலுக்குப் போகும், கண் தானாகப் புகையைத் தேடும். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால், கல்யாணப் பந்தியாக இருந்தாலும் கை இலையில் நின்றுவிடும். முதல் கேள்வி, எந்தத் திசை. இரண்டாவது, எந்தக் கம்பெனி.

கம்பெனி என்றால் எங்களுக்குப் பட்டாசு ஆலை. இங்குள்ள தமிழ் அன்பர்கள் அந்தச் சொல்லைக் கேட்டால் குளிரூட்டிய அறையையும் சுழல் நாற்காலியையும் நினைத்துக்கொள்வார்கள். தங்கை என்ன செய்கிறாள் என்று அவர்கள் கேட்டபோதெல்லாம், கம்பெனியில் இருக்கிறாள் என்றே சொல்லியிருக்கிறேன். அது பொய்யன்று. எம். புதுப்பட்டிப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் அவள் சரவெடி பின்னுகிறாள் என்ற மிச்சத்தை அவர்கள் கேட்கவில்லை.

3

'ஊர்ச்சேதி' என்ற செயலி உங்களில் பலருடைய கைப்பேசியில் இருக்கும். ஆமத்தூர், எம். புதுப்பட்டி வட்டாரத்துப் பிள்ளைகள் சிலர் வெளிநாடுகளில் இருந்துகொண்டு, வருமானம் எதிர்பாராமல் உருவாக்கியது. கயல்விழி அவர்களில் ஒருத்தி. கோயில் கொடை, காதணி விழா, இரத்தம் தேவை, காணாமல் போன ஆடு, எல்லாம் அதில் வரும். யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதனால் மூட்டை மூட்டையாகச் சேர்ந்துவிட்டது. நேற்று போட்ட துக்கச் செய்தியை இன்று கண்டுபிடிக்க முடியவில்லை என்று புகார்கள் வந்தன. தேடும் வசதி ஒன்றைச் சேர்ப்பதென்று முடிவு செய்து, அந்த வேலையை என் மகளிடம் கொடுத்தார்கள்.

செயலியின் தமிழுக்குப் பொறுப்பு நான். கேட்டுக்கொண்டார்கள், இசைந்தேன். பொத்தான்களில் உள்ள சொற்கள், அறிவிப்புகள் எல்லாம் என் பார்வைக்கு வந்த பிறகே வெளியாகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு கயல்விழி எனக்குக் காட்டினாள். மேலே ஒரு பூதக்கண்ணாடிப் படம், பக்கத்தில் ஒரு கட்டம். கட்டத்தில் பெயரை எழுதினால், அந்தப் பெயர் வரும் சேதிகள் எல்லாம் கீழே வரிசையாக வந்து நிற்கும். நன்றாக இருந்தது. பிறகு அவள், ழகரம், ளகரம், லகரம் மூன்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்படி அமைத்திருப்பதாகச் சொன்னாள். றகரத்துக்கும் ரகரத்துக்கும் அப்படியே. யார் எப்படி எழுதினாலும் கிடைத்துவிடுமாம்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். மூன்றும் ஒன்றானால் வாளை மீனைத் தேடுகிறவனுக்கு வாழைத்தார் வந்து சேரும், கிழவியும் சொல்லைக் குறிக்கும் கிளவியும் ஒருத்தியாகிவிடுவார்கள், இது தேடும் வசதியா பிழைக்குப் பட்டயமா என்று கேட்டேன்.

கயல்விழி சிரித்தாள். "அப்பா, இங்க முல்லர்னு ஒருத்தரைத் தேடணும். தலையில ரெண்டு புள்ளி வச்சு எழுதினாத்தான் அவரு பேரு சரி. புள்ளி வைக்காமத் தட்டினாலும் அவரு வந்து நிக்கிறாரு. அதனால அந்த முல்லருக்கு மானம் போயிருச்சா?"

"முல்லர் எப்படியும் போகட்டும். தப்பாக எழுதினால் கிடைக்காது என்று இருந்தால்தான் சரியாக எழுதக் கற்பார்கள்."

"நம்மூர்ல யாருப்பா கத்துக்கிட்டுச் சேதி போடுறாங்க? அவசரத்துல போடுறாங்க."

அவசரம் பிழைக்குச் சமாதானமாகாது என்று நான் அச்சகத்தில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியத்தை மறுபடியும் சொன்னேன். "சரிப்பா. நீங்க சொல்றபடியே வைக்கிறேன். அப்புறம் கிடைக்கலைன்னு என்கிட்ட வரக்கூடாது" என்றாள். யாழினி இடையில் புகுந்து, தனக்கு அந்த எழுத்தே வாயில் வரவில்லையே, தன்னைத் தேடினால் தான் கிடைப்பேனா என்று ஜெர்மன் கலந்த தமிழில் கேட்டாள். பள்ளியில் அவள் யாலினி. நான் திருத்தினால், தாத்தா, அங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்பாள். அன்றும் திருத்தினேன்.

இன்னொன்றும் செய்தேன். தேடியது கிடைக்காதபோது திரையில் தோன்றும் வாக்கியத்தைப் பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே விட்டிருந்தார்கள். அந்த இடத்துக்கு நான் ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். மரியாதை இருக்க வேண்டும், வினை முற்றாக இருக்க வேண்டும், ஐயத்துக்கு இடமிருக்கக் கூடாது என்று யோசித்து எழுதினேன்.

'தாங்கள் தேடிய பெயர் எங்கும் காணப்படவில்லை.'

கட்டுக்கோப்பான வாக்கியம் என்று அப்போது ஒரு நிறைவு இருந்தது.

4

அது சித்திரை மாதத்து ஒரு வேலைநாள். இங்கே காலை, அங்கே உச்சிப்பொழுது. மகளும் பேத்தியும் போயிருந்தார்கள். காபியைக் கலந்து வைத்துக்கொண்டு கைப்பேசியில் செய்தி பார்த்தேன். எம். புதுப்பட்டி அருகே பட்டாசு ஆலையில் வெடிவிபத்து. அந்த ஒரு வரிக்கு மேல் எதுவும் இல்லை.

அழகம்மாளின் எண்ணை அழைத்தேன். அணைக்கப்பட்டிருந்தது. அதில் வியப்பில்லை. கம்பெனிக்குள் கைப்பேசி கொண்டுபோக விடமாட்டார்கள், வாசலில் காவலாளியிடம் அணைத்துக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மாலையில் வெளியே வந்த பிறகே அவள் எண் உயிர்பெறும். ஒவ்வொரு வேலைநாளும் பகல் முழுவதும் அந்த எண் அணைந்துதான் இருக்கும். அன்றும் அதே குரல் அதே வாக்கியத்தைச் சொன்னது. எனக்கோ அந்தக் குரல் ஏதோ அறிந்துவைத்துக்கொண்டு மறைப்பதாகப் பட்டது.

அவளுடைய கணவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மகன் மாரிமுத்து லாரி ஓட்டுகிறான், லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தான். அவன் எண் எல்லைக்கு வெளியே. என் பழைய அச்சகத்துக்கு அழைத்தேன். எடுத்த பையனுக்கு என்னைத் தெரியாது. புதுப்பட்டிப் பக்கம் என்று சொல்கிறார்கள், எந்தக் கம்பெனி என்று தெரியவில்லை என்றான். "இங்கன மாடியில இருந்தே புகை தெரியுதுங்க. இன்னும் வெடிச்சிக்கிட்டுத்தான் இருக்கு" என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கையில் இணைப்பு அறுந்தது. மறுபடி கிடைக்கவில்லை.

ஊர்ச்சேதியைத் திறந்தேன். ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவுகள் விழுந்துகொண்டிருந்தன. புகையின் படம். அதே படம் இன்னொருவர் பெயரில். எந்த ஆண்டோ எங்கோ நடந்த விபத்தின் படம். எங்க அம்மாவ யாராச்சும் பாத்தீகளா என்று ஒரு பெண்பிள்ளை. அதற்குக் கீழே, என்றைக்கோ போட்ட கல்யாண மண்டப விளம்பரம். விரலால் தள்ளத் தள்ளப் புதியது மேலே வந்து, படித்துக்கொண்டிருந்தது கீழே போயிற்று. என் கண் எழுத்துக்குப் பழகிய கண். அன்று எழுத்துகள் நின்று கொடுக்கவில்லை.

அப்போதுதான் மேலே அந்தப் பூதக்கண்ணாடியைப் பார்த்தேன்.

அழகம்மாள் என்று எழுதித் தேடினேன்.

தாங்கள் தேடிய பெயர் எங்கும் காணப்படவில்லை.

வாழ்நாளில் எத்தனையோ வாக்கியங்களைப் படித்தவன். என் வாக்கியம் ஒன்று என்னைப் பார்த்துப் பேசியது அன்றுதான். எங்கும் என்ற சொல்லை நான்தான் சேர்த்தேன், ஐயத்துக்கு இடமிருக்கக் கூடாதென்று. அந்த ஆலை இருந்த இடத்தில் ஒரு பெயர் எங்கும் காணப்படவில்லை என்றால் என்ன பொருள் என்று எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எம். புதுப்பட்டி அழகம்மாள் என்று எழுதினேன். அதே வாக்கியம். அழகம்மை. அதே வாக்கியம். எங்கள் தந்தையாரின் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து, புள்ளி வைத்து, இடம்விட்டு எழுதினேன். ஒவ்வொரு முறையும் 'தாங்கள்' என்று மரியாதையோடு தொடங்கி அதே இடத்தில் வந்து முடிந்தது.

நானே ஒரு பதிவு போட்டுக் கேட்டிருக்கலாம். எழுதவும் எழுதினேன். 'எம். புதுப்பட்டியில் பட்டாசு ஆலையில் பணிபுரியும் என் தங்கை' என்பதுவரை வந்தது. இங்குள்ள அன்பர்கள் எல்லோரும் அந்தச் செயலியில் இருக்கிறார்கள். விரல் நின்றது. அழித்துவிட்டு 'கம்பெனியில் பணிபுரியும்' என்று எழுதினேன். அதையும் அழித்தேன். அழித்த அந்தச் சிறுபொழுதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

5

கயல்விழி அழைத்தாள். அலுவலகத்தில் இருப்பவளைக் கலங்கவைக்க வேண்டாமென்று நான் சொல்லாமல் இருந்தேன். அவளே செய்தியைப் பார்த்துவிட்டாள். அத்தைக்குப் பேசினீர்களா என்றாள். அணைந்திருக்கிறது என்றேன். மாரிமுத்து? கிடைக்கவில்லை. செயலியில் தேடினீர்களா என்று கேட்டாள்.

"தேடினேன். காணப்படவில்லை என்கிறது."

கயல்விழி மெதுவாகக் கேட்டாள்.

"எப்படி எழுதித் தேடினீங்கப்பா?"

"எப்படி எழுதுவார்கள்? சரியாகத்தான்."

"அப்பா," என்றாள். "தப்பா எழுதிப் பாருங்க."

அவள் இணைப்பைத் துண்டிக்கவில்லை. கைப்பேசியை மேசைமேல் வைத்து எழுதத் தொடங்கினேன். அ. அடுத்து ளகரம் இருக்கும் விசையைத் தேடினேன். முதல் முறை என் விரல் பழக்கத்தில் ழகரத்துக்கே போயிற்று. இரண்டாம் முறை சரியாக, அதாவது தவறாக, அளகம்மா என்று எழுதி முடித்தேன். முடித்ததும் கைப்பேசி தானாக அதை அழகம்மா என்று மாற்றிவிட்டது. நான் எழுதும் முறையைப் பார்த்துப் பார்த்து அந்தக் கருவிக்கு என் தமிழ் படிந்திருந்தது. வாழ்நாள் முழுவதும் பிறரைத் திருத்தியவனை, அந்த நேரம் பார்த்து அது திருத்தியது.

மறுபடி எழுதினேன். மறுபடி மாற்றியது. "போகட்டும் விடு" என்று அதனிடம் கெஞ்சியது எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த முறை எழுத்து நின்றது.

ஒரு பதிவு வந்தது. ராஜி என்று ஒரு பெண் போட்டது. நான் பார்த்தது பார்த்தபடி இங்கே தருகிறேன்.

'அளகம்மாக்கா நல்லாருக்காக ஒரு காயமும் இல்ல. எங்க கம்பெனி இல்ல பக்கத்து கம்பெனி. அடிபட்ட பிள்ளைக்கு தொனையா ஆம்புலன்சுல பெரியாஸ்பத்திரி போயிருக்காக போனு கேட்ல கெடக்கு. ஜெர்மனி பளனிவேலு அண்ணே எங்க இருந்தாலும் பயப்படாதீக.'

நான் முதன்முதலில் தேடியதற்கு முன்பே அது போடப்பட்டிருந்தது. என் பெயரைச் சொல்லியே என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். ஒருவர் பெயரைக் குறிப்பிட்டு எழுதினால் அவருக்கு அறிவிப்பு மணி அடிக்கும்படி செயலியில் ஓர் ஏற்பாடு உண்டு. பளனிவேலு என்று யாரும் அதில் பதிவு செய்திருக்கவில்லை. மணி அடிக்கவில்லை.

"கிடைச்சதாப்பா?" என்றது மேசைமேல் இருந்த குரல்.

பதிவை வாசித்துக் காட்டினேன். எழுத்தில் இருந்தபடியே வாசித்தேன்.

6

அழகம்மாள் மாலையில் பேசினாள், அதாவது இங்கே பிற்பகலில். யாழினி பள்ளியில் இருந்து வந்து என் அருகே உட்கார்ந்திருந்தாள்.

"என்னண்ணே, பயந்துட்டீகளா?"

"இல்லை" என்றேன்.

"அங்கன இருந்துக்கிட்டுப் பொய் சொன்னா இங்கன தெரியாதாக்கும்." குரல் கம்மியிருந்தது. புகை என்றாள். "ஆம்புலன்சுல ஏறுறப்ப ராஜிகிட்ட சொன்னேன், எங்கண்ணனுக்கு ஒரு சேதி போட்டுருடீன்னு. போடுறேங்க்கா, ஆனா எழுத்துப் பிழை இருந்தா உங்கண்ணன் படிக்க மாட்டாகளாமேன்னா. எல்லாம் நான் சொல்லி வச்சிருந்ததுதான். அப்புறம் அவளே சொல்லிட்டா, தங்கச்சி உசுரோட இருக்கான்னா படிக்காமயா போயிருவாருன்னு."

யாழினி கைப்பேசியை வாங்கி, அளகம்மா பாட்டி, உங்களுக்கு வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லைடா தங்கம் என்றாள் அவள். பேத்தியின் வாயில் வந்தது ளகரமா லகரமா என்று என் காது பார்த்தது. நான் திருத்தவில்லை.

ஆலை வாசலில் அந்த அடிபட்ட பெண்ணுக்கு உறவு என்று சொல்ல யாரும் வந்து சேராததால், வண்டியில் அழகம்மாள் ஏறிக்கொண்டாளாம். அந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள் என்று மருத்துவர் சொன்னாராம். பக்கத்துக் கம்பெனியில் சிலர் பிழைக்கவில்லை. பெயர்களைச் சொன்னாள். எனக்கு அறிமுகமில்லாத பெயர்கள். அவற்றுள் ஒன்றில் ழகரம் இருந்தது. அந்த வீட்டாரும் அன்று அந்தக் கட்டத்தில் எழுதித் தேடியிருப்பார்கள், சரியாகவும் தவறாகவும். என் வாக்கியம் அவர்களுக்கும் தோன்றியிருக்கும். அவர்களுக்கு அது உண்மையையே சொல்லியிருக்கிறது.

இனி வேலைக்குப் போகாதே என்று கேட்டுக்கொண்டேன். கட்டளையாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அன்று கேட்டுக்கொண்டேன்.

"அதிகாரிக வந்து பாத்துட்டுப் போனதும் தொறப்பாக. தொறந்ததும் போகணும்ணே. தீவாளி சீசன் ஆரம்பிச்சிருச்சுல்ல."

"நான் சொல்வதைக் கேளம்மா."

"நீங்க சொல்றதைத்தானே சின்னப்பிள்ளையில இருந்து கேக்குறேன்" என்றாள். அதில் கோபமில்லை. "சாப்பிட்டீகளா?"

7

அன்று இரவுச் சாப்பாட்டின்போது, மூன்று எழுத்தையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும்படி மாற்றிவிடு என்று கயல்விழியிடம் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. முதலில் எழுதியதை அழிக்காமல் பத்திரமாக வைத்திருந்தாளாம். நான் கை கழுவி வருவதற்குள் மாற்றிவிட்டாள். அந்த வாக்கியத்தையும் எடுத்துவிடு என்றேன். அங்கே வேறு என்ன எழுதட்டும் என்று கேட்டாள்.

அதற்கு எனக்குச் சில நாட்கள் பிடித்தன. இலக்கணமாக எழுதிய எதிலும் சாவின் வாடை அடித்தது. 'இல்லை' என்ற சொல் வராமல், 'காணோம்' என்ற சொல் வராமல், தேடுகிறவர் கையை விட்டுவிடாமல் ஒரு வாக்கியம் வேண்டும். கடைசியில் என் மகள் தொலைபேசியில் சொன்னதையே சற்று மாற்றிக் கொடுத்தேன். இப்போது நீங்கள் தேடுவது கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் தோன்றுவது இது: 'வேற மாதிரி எழுதிப் பாருங்க.' பேச்சு வழக்கில் இருக்கிறதே, செயலியின் தமிழ்ப் பொறுப்பாளர் யார் என்று ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். நான்தான் என்று என் பெயரிட்டுப் பதில் எழுதினேன்.

இங்குள்ள அன்பர்களிடமும் சொல்லிவிட்டேன். தங்கை பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறாள் என்றேன். ஒருவர், இந்த வயதிலுமா என்றார். இன்னொருவர், தம் அத்தையும் ஆமத்தூரில் அதே வேலைதான் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். இத்தனை ஆண்டுகளாக அவரும் கம்பெனி என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

கம்பெனி திறந்தது. அழகம்மாள் போகிறாள். பகலெல்லாம் அவள் எண் அணைந்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் போன பிறகு, காபியை மேசைமேல் வைத்துவிட்டு, அந்தக் கட்டத்தைத் திறக்கிறேன். அங்கே உச்சிப்பொழுது, வெயில் ஏறும் நேரம்.

சரியாக எழுதினாலும் இப்போது அவள் பெயர் வரும். ழகரம் போட்டாலும் வரும், ளகரம் போட்டாலும் வரும். இருந்தும் நான் ளகரம்தான் போடுகிறேன். அந்த எழுத்தில்தான் அவள் உயிரோடு கிடைத்தாள்.

இன்று காலை ராஜியின் பழைய பதிவு மட்டுமே வந்தது. அதற்கு மேலே புதிதாக எதுவும் இல்லை. காபியைக் கையில் எடுத்தேன்.